ஒன்பது மில்லி ஆம்பியர்

தம்பி,

உன் அம்மா இன்று காலை இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு மூன்றாவது கேட்டாள். கொடுக்கவில்லை. அதற்காக என்னோடு பேசாமல் இருக்கிறாள். ஆக, நன்றாக இருக்கிறாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால், அம்மா எப்படி இருக்கிறாள் என்று தேடிக்கொண்டே மற்றதையெல்லாம் தாண்டிப் போய்விடுவாய். மற்றதெல்லாம் திட்டு. அதை ஒன்றுவிடாமல் நீ வாசிக்க வேண்டும். தமிழில் எழுதுவதும் அதற்காகத்தான். வாட்ஸ்ஆப்பில் இங்கிலீஷில் அனுப்பினால், மெட்ரோவில் நின்றபடியே ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவாய். தமிழ் என்றால் எழுத்துக் கூட்டித்தான் உனக்கு வாசிக்க வரும். மயூர் விஹாரில் தமிழ்ப் பள்ளிக்கூடம் பக்கத்திலேயே இருந்தும் உன்னை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தவன் நான். அந்தத் தப்பினால் இன்றைக்கு ஒரு பயன் கிடைத்திருக்கிறது. மெதுவாக வாசி. வாசித்துவிட்டு உன் கூட்டாளி கௌரவுக்கும் இந்தியில் சொல். அவனுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். வருகிற திங்கட்கிழமை நீயும் கௌரவும் நொய்டாவிலிருந்து நாற்பது பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு மலைப்பக்கம் போகப்போகிறீர்கள். அங்குள்ள சின்னச் சின்ன கிளினிக்குகளில், மருந்து வைக்கும் ஃப்ரிட்ஜ் மேல் பெட்டியை வைத்து, உள்ளே ஒரு ஒயரை விட்டு, மருந்து சூடாகிவிட்டால் சிவப்பு விளக்கு எரியும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு வரப்போகிறீர்கள். அதே பெட்டிதான் நம் வீட்டு ஃப்ரிட்ஜ் மேலும் இருந்தது. அது செத்துக் கிடந்தது தெரியாமல்தான் உன் அம்மா கெட்டுப்போன இன்சுலினை ஐந்து நாள் போட்டுக்கொண்டாள். அந்த நாற்பதில் ஒன்றுகூட திங்கட்கிழமை போகக் கூடாது. இவ்வளவுதான் கடிதம். இனி எழுதுவதெல்லாம் ஏன் போகக் கூடாது என்பதற்கு.

இதைச் சொல்ல நீங்கள் யார் என்று நீ கேட்கமாட்டாய். நல்ல பிள்ளை, மனசுக்குள் நினைத்துக்கொள்வாய். நானே சொல்லிவிடுகிறேன். ஐடிஐ எலக்ட்ரீஷியன், அதிலும் தியரியில் இரண்டாம் தடவைதான் பாஸ். அபார்ட்மெண்ட் சொசைட்டியில் பம்ப் போடுவேன், ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றுவேன், லிஃப்ட் நின்றுபோனால் லிஃப்ட் கம்பெனிக்குப் போன் போடுவேன். செகரட்டரி என்னை விருந்தாளிகளிடம் "ஹமாரே இன்ஜினியர் சாப்", எங்கள் இன்ஜினியர் ஐயா, என்று காட்டும்போது சிரிப்பவர்களில் நானும் ஒருவன். என் கைவேலையின் லட்சணம் உனக்குத் தெரியும். நீ பதினொன்றாம் வகுப்பில் இருந்தபோது, ஈ-ரிக்‌ஷா ஓட்டும் இர்ஃபானுக்கு வண்டியிலேயே போன் சார்ஜ் செய்ய ஒன்று செய்து கொடுத்தேன். பன்னிரண்டு வோல்ட்டை ஐந்தாக இறக்க எனக்குத் தெரிந்தது ஒரே வழி, மூன்று கால் வைத்த அந்தப் பழைய ரெகுலேட்டர். வேண்டாத ஏழு வோல்ட்டை அது சூடாக வெளியே தள்ளிவிடும். சூடு தாங்கட்டும் என்று உன் அம்மாவின் இட்லித் தட்டு ஒன்றை வெட்டி அதன் முதுகில் திருகி வைத்தேன். மூன்றாம் நாள் இர்ஃபான் வந்து நின்றான். "பாய்சாப், யே சார்ஜர் ஹை யா இஸ்திரி?" சார்ஜரா, இஸ்திரிப் பெட்டியா என்று கேட்டு, பேண்ட்டில் உருகியிருந்த ஓட்டையைக் காட்டினான். இட்லித் தட்டு எங்கே போனது என்பது உன் அம்மாவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. யாருடைய திட்டு அதிகம் சுட்டது என்று எழுத வேண்டியதில்லை.

அன்று என்னைக் காப்பாற்றியவன் நீ. "அப்பா, நீங்க பண்றது எப்படின்னா, டேங்க்ல இருந்து வர்ற தண்ணியில பாதிக்கு மேல சாக்கடையில விட்டுட்டு மிச்சத்தக் குடிக்கிறது" என்றாய். "ஸ்விட்சிங்னு ஒண்ணு இருக்கு. நீங்க மோட்டார் போடுற மாதிரிதான். டேங்க் நெறைஞ்சா நிறுத்துறீங்க, கொறைஞ்சா போடுறீங்க. கீழ பைப்புல தண்ணி ஒரே மாதிரி வருதுல்ல? வேஸ்டே கிடையாது." ஒரு விநாடிக்குள் ஆயிரக்கணக்கான தடவை அது திறந்து மூடுவதையும், நடுவில் ஒரு கம்பிச்சுருள் அதை வாங்கிச் சேர்த்து ஒரே சீராகக் கொடுப்பதையும் பால் பாக்கெட் அட்டையில் படம் போட்டுக் காட்டினாய். இதையெல்லாம் செய்கிற ரெடிமேட் மாட்யூல் ஒன்றை வாங்கிவந்து மாட்டினாய். தொட்டுப் பார்த்தேன். சுடவே இல்லை. அன்று முழுக்க, பார்த்தவனிடமெல்லாம் அதைச் சொன்னேன். பம்ப் ரூம் பக்கம் வந்த காய்கறிக்காரனிடம்கூடச் சொன்னேன். அவன் "அச்சா, அச்சா" என்றபடியே வண்டியைத் தள்ளிக்கொண்டு தப்பித்துப் போனான். அந்த வேலைக்கு அந்த மாட்யூல் சரி. இதை நினைவில் வைத்துக்கொள், திரும்ப இங்கேதான் வருவேன்.

அம்மா இன்சுலின் தொடங்கிய பிறகு நான் செய்த முதல் பெட்டியைப் பார்த்து நீ சிரித்தாய். சிரிக்க வேண்டிய பெட்டிதான். டிபன் டப்பா அளவு பேட்டரி, மறுபடியும் அதே மூன்று கால் ரெகுலேட்டர், முன்னால் ஒரு பச்சை விளக்கு, ஒரு சிவப்பு விளக்கு. பச்சை எப்போதும் எரியும். ஃப்ரிட்ஜ் சூடானால் சிவப்பு பற்றிக்கொள்ளும். கரண்ட் திரும்ப வந்து ஃப்ரிட்ஜ் குளிர்ந்தாலும், நான் பட்டனை அமுக்கும்வரை அணையாது. இரண்டு வாரத்தில் பேட்டரியைக் குடித்து முடித்துவிடும் என்பதால் ஞாயிற்றுக்கிழமைதோறும் அதைக் கழற்றிச் சார்ஜ் போடுவேன். ஒரு ஞாயிறு மறந்தால் பச்சை மங்கும். உன் அம்மா அடுப்படியிலிருந்தே கத்துவாள்: "என்னங்க, பெட்டிக்குப் பசிக்குதாம், பாருங்க!" முட்டாள் பெட்டி. ஆனால் செத்தால் செத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டுச் சாகிற பெட்டி.

ஏப்ரலில் நீ அதைக் கழற்றிவிட்டு உன் பெட்டியை வைத்தாய். அழகான பெட்டி, ஒத்துக்கொள்கிறேன். உள்ளே இருக்கும் சர்க்யூட் தூங்கிக்கொண்டே இருக்கும், ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை விழித்து ஃப்ரிட்ஜைப் பார்த்துவிட்டுத் திரும்பத் தூங்கிவிடும் என்றாய். என் பேட்டரியையே அதற்குக் கொடுத்தாய். "தொண்ணூறு பர்சென்ட் எஃபிஷியன்சிப்பா. ஒரு வருஷத்துக்குச் சார்ஜே வேணாம்" என்றாய். அம்மா சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, பச்சை லைட்டு எங்க?" என்று கேட்டாள்.

"அது சும்மா பேட்டரியத் தின்னும்மா. எதுவும் எரியலைன்னா எல்லாம் ஓகே. சிவப்பு எரிஞ்சா மட்டும் பாருங்க, பழைய பெட்டி மாதிரியே பட்டன அமுக்குற வரைக்கும் அணையாது."

"எரியலைன்னா நல்லதா? சரிப்பா, ஒரு வேலை மிச்சம்."

இப்போது என் தப்பு. நீ கிளம்பிய மறுநாள் காலை என் மல்டிமீட்டரை எடுத்துப் பேட்டரிக்கும் பெட்டிக்கும் நடுவில் மாட்டினேன். பொறாமை என்றே வைத்துக்கொள். ஒன்பது மில்லி ஆம்பியர் காட்டியது. உன் சர்க்யூட் விழித்தாலும் ஒன்பது, தூங்கினாலும் ஒன்பது. சந்தேகப்பட்டு உன் சர்க்யூட்டைக் கழற்றிவிட்டு வோல்ட்டை இறக்கும் மாட்யூலை, இர்ஃபானுக்கு மாட்டிய அதே ஜாதியை, மட்டும் வைத்துப் பார்த்தேன். எட்டரைக்கு மேல் இருந்தது. அதாவது உன் சர்க்யூட்டின் சாப்பாடு அரைக்கும் கீழே. மீதி எல்லாவற்றையும் அந்த மாட்யூலே தின்கிறது. அதன் ஓரத்தில், யார் கண்ணுக்கும் படாமல், மூடிய பெட்டிக்குள் கடுகளவு சிவப்பு விளக்கு ஒன்று வேறு இரவும் பகலும் எரிந்துகொண்டிருந்தது. ஃப்ரிட்ஜைப் பார்த்துச் சொல்லும் விளக்கு இல்லை, மாட்யூல் செய்தவன் அலங்காரத்துக்கு வைத்தது. வெளியே அம்மா பார்க்கும் பச்சையை வேஸ்ட் என்று எடுத்தவன், உள்ளே யாரும் பார்க்காத சிவப்பை எரியவிட்டிருந்தாய்.

கணக்குப் போட்டேன். ஏழு ஆம்பியர்-மணி பேட்டரியை ஒன்பது மில்லி ஆம்பியர் குடித்தால் முப்பத்திரண்டு நாள். நீ ஒரு வருஷம் என்றாய். உடனே உனக்குப் போன் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. என் மீட்டர் பழசு, பையன் பி.டெக், ஐடிஐ வாயைத் திறந்து எதற்கு அசிங்கப்பட வேண்டும் என்று இருந்துவிட்டேன். இட்லித் தட்டு ஞாபகம் வந்து வாயை அடைத்துவிட்டது. அதற்குப் பதில் பெரிய புத்திசாலி மாதிரி, சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் அன்றிலிருந்து முப்பதாவது நாளின் தாளைப் புரட்டி, "பெட்டி - பேட்டரி பார்" என்று எழுதி வைத்தேன். இத்தனை வருஷத்தில் நான் கோழையாக நடந்துகொண்டதற்கு எழுத்தில் இருக்கும் ஒரே அத்தாட்சி அந்தத் தாள்.

மே மாதம் உன் அத்தை மகள் கல்யாணத்துக்கு விருதுநகர் போனோம். போக வர பன்னிரண்டு நாள். அம்மா வழிக்கு வேண்டிய இன்சுலினை மட்டும் எடுத்துக்கொண்டாள், மிச்சம் ஃப்ரிட்ஜில். திரும்பி வந்து பூட்டைத் திறக்கும்போதே பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மா வாசலுக்கு வந்துவிட்டாள். டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோய் இரண்டு நாள் கரண்டே இல்லையாம். "தோ தின், பெஹன்ஜி! சாரா தூத் ஃபட் கயா" என்று, தன் வீட்டு ஃப்ரிட்ஜில் பால் எல்லாம் திரிந்துபோன கதையைச் சொன்னாள். மே மாத டெல்லியில் ஜன்னல் எல்லாம் சாத்திய வீடு. வேறு யாராக இருந்தாலும் மருந்தைக் குப்பையில் போட்டிருப்பார்கள். உன் அம்மாவும் அதற்குத்தான் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். திறந்தவள் மேலே பார்த்தாள். சிவப்பு எரியவில்லை.

"நம்ம ஃப்ரிட்ஜுக்கு ஒண்ணும் ஆகலைங்க. சூடாயிருந்தா என் புள்ள பெட்டி சொல்லியிருக்குமே" என்றாள். பஞ்சாபி அம்மாவிடமும் பெருமையாகச் சொன்னாள்: "மேரே பேட்டே னே பனாயா." என் பையன் செய்தது. நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? பக்கத்திலேயே நின்று காலண்டரில் பன்னிரண்டு நாள் தாளையும் ஒரே பிடியாகக் கிழித்துக்கொண்டிருந்தேன். எழுதி வைத்த தாளும் அதற்குள் இருந்தது. பார்க்கவில்லை. கட்டோடு அடுப்படியில் வைத்தேன். நம் வீட்டில் கிழித்த காலண்டர் தாளை யார் எறிகிறார்கள், பின்பக்கத்தில் சாமான் லிஸ்ட் எழுத ஆகுமே.

அந்தப் பெட்டி சரியாக எந்த நாளில் செத்தது என்று எனக்குத் தெரியாது. கரண்ட் போகும் முன்னாலா, போன பின்னாலா என்றுகூடத் தெரியாது. தெரிந்தது இவ்வளவுதான்: ஐந்தாம் நாள் காலை உன் அம்மா வாந்தி எடுத்து, நாக்கு வறண்டு, என்னை யார் என்று கேட்பது மாதிரி பார்த்தாள். ஆஸ்பத்திரியில் சர்க்கரையைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா முதலில் கேட்ட கேள்வி, "இன்சுலின் கஹா(ங்) ரக்தே ஹோ?" எங்கே வைக்கிறீர்கள் என்று. ஃப்ரிட்ஜில்தான் என்றேன். கரண்ட் போனதா என்றார். போனது, ஆனால் சிவப்பு எரியவில்லை என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். மருந்துச் சீட்டை வைக்கச் சட்டைப்பையில் கைவிட்டபோது ஒரு காலண்டர் தாள் வந்தது. ஒரு பக்கம் அம்மாவின் கையெழுத்தில் துவரம்பருப்பு, கடுகு, பெருங்காயம். திருப்பினால் என் கையெழுத்தில் "பெட்டி - பேட்டரி பார்". அந்தத் தாளோடு நான் மளிகைக் கடைக்கே போய் வந்திருக்கிறேன், தம்பி. என்னைத் திட்ட இதைவிட நல்ல ஆயுதம் உனக்குக் கிடைக்காது. எடுத்துக்கொள்.

ஆனால் நீ என்ன செய்தாய்? ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து உனக்குப் போன் போட்டேன். அம்மாவைப் பற்றிக் கேட்டாய், இல்லையென்று சொல்லவில்லை. பதறினாய், ஒரு மணி நேரத்தில் வந்துசேர்ந்தாய். ஆனால் பெட்டி செத்துக் கிடக்கிறது என்றதும் உன் வாயிலிருந்து முதலில் வந்தது, "அப்பா, நீங்க அதுல ஏதாச்சும் கை வச்சீங்களா?" அதற்கடுத்தது, "பேட்டரி டிஃபெக்டிவ் பீஸா இருக்கும்." மீட்டர் வைத்து அளந்ததோடு சரி. கை வைத்திருக்க வேண்டும், வைக்கவில்லை. அதுதான் நான் செய்த பாவம். அதை நான் சொல்லிக்கொள்கிறேன். நீ சொல்லக் கூடாது.

போன ஞாயிற்றுக்கிழமை உன் ரூமுக்கு மீட்டரைக் கொண்டுவந்து ஒன்பதைக் காட்டினேன். நீ குனிந்து பார்த்தாய். உன் முகம் மாறியதை நான் பார்த்தேன். ஒரு நிமிஷம், என் பிள்ளை என்று நெஞ்சு நிறைந்தது. உடனே கௌரவ் உன்னைப் பார்த்தான், நீ அவனைப் பார்த்தாய், பிறகு சொன்னாய்: "ஹாங்ப்பா, மத்லப்... ஸ்டாண்ட்பைல சும்மா இழுக்குறது கொஞ்சம் ஜாஸ்திதான். அடுத்த வெர்ஷன்ல பண்ணிடுவோம். மண்டே டெலிவரி கமிட் ஆயிடுச்சு." தெரிந்தும் சொன்னாய். அதுவரை இருந்தது வருத்தம். அதற்குப் பிறகு வந்ததுதான் இந்தக் கோபம், ஐந்து நாளாக என்னோடு பம்ப் ரூமுக்கு வந்து போய்க்கொண்டிருக்கிறது. உன் அம்மா உடம்பில் போனது எந்த வெர்ஷன்? மலையில் கரண்ட் மூன்று நாள் போகும். பெட்டி ஒரு மாதத்தில் செத்திருக்கும். அங்கே ஒரு நர்ஸம்மா ஃப்ரிட்ஜைத் திறப்பாள், மேலே பார்ப்பாள், சிவப்பு எரியாது. தைரியமாகக் குழந்தைக்கு ஊசி போடுவாள். பெட்டி இல்லாவிட்டால் அவள் சந்தேகப்பட்டிருப்பாள். நீ விற்பது அந்தச் சந்தேகத்தைப் பிடுங்கும் பெட்டி.

உன் தொண்ணூறு பர்சென்ட் பொய் இல்லை. அது ஓர் ஆம்பியர் இழுக்கும்போது வரும் கணக்கு. இர்ஃபான் போனுக்குச் சரி. இந்தப் பெட்டி இழுப்பது சிட்டிகை. நாலு பேருக்கு டீ ஊற்ற ஓர் ஆளை வைத்து, அவனே தினம் ஒரு கெட்டில் குடித்தால், ஊற்றும்போது ஒரு சொட்டும் சிந்தமாட்டான் என்று மெச்சிக்கொள்வாயா? சும்மா இருக்கும்போது அவன் எவ்வளவு குடிக்கிறான் என்றல்லவா கேட்க வேண்டும். நான் எல்லாவற்றுக்கும் மூன்று கால் ரெகுலேட்டரைப் போட்டேன். நீ எல்லாவற்றுக்கும் அந்த மாட்யூலைப் போடுகிறாய். என் பிள்ளைதான் நீ, சந்தேகமே வேண்டாம்.

நேற்று லஜ்பத் ராய் மார்க்கெட்டுக்குப் போனேன். கடைக்காரனிடம் என் இந்தியில், தான் சாப்பிடாத ரெகுலேட்டர் வேண்டும் என்றேன். "அங்கிள், ஐசி சாஹியே யா பஹூ?" என்று கேட்டான், ஐசி சிப் வேண்டுமா மருமகள் வேண்டுமா என்று. இருந்தும் எடுத்துக் கொடுத்தான். மறுபடியும் மூன்று கால்தான், ஆனால் தனக்கென்று சில மைக்ரோ ஆம்பியர்தான் எடுக்கும் புது ஜாதி. நம் வீட்டுப் பெட்டியில் உன் மாட்யூலைப் பிடுங்கிவிட்டு அதை வைத்தேன். ஆமாம், வோல்ட்டில் முக்கால்வாசி சூடாகப் போகிறது, பர்சென்ட் பார்த்தால் கேவலம். மீட்டர் பார்த்தால், ஒன்பது இருந்த இடத்தில் இப்போது பூஜ்யம் புள்ளி மூன்று. ஸ்விட்சிங்கிலேயே வேலை இல்லாதபோது தூங்கத் தெரிந்த ஐசி இருக்கிறதாம். பெருமைக்கு அதுதான் வேண்டுமென்றால் அதையே போடு. எனக்கு மீட்டர் சொன்னால் போதும்.

ஒன்று மட்டும் என்னால் முடியாது. பெட்டியின் முன்னால் துளை போட்டு ஒரு பச்சை விளக்கு வைத்துவிட்டேன். எப்போதும் எரிய வேண்டாம், பத்து விநாடிக்கு ஒரு தடவை கண்ணடித்தால் போதும், செலவு ஒன்றுமில்லை. ஆனால் அதற்கு நாலு வரி புரோகிராம் வேண்டும். அது எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்போடு வா. கௌரவையும் கூட்டிவா, அம்மா சாம்பார் வைப்பாள். நாற்பதும் திருத்தப்படும்வரை வண்டி கிளம்பாது. கிளம்பினால் என்ன செய்வேன் தெரியுமா? அட்டைப்பெட்டிகளுக்கு முகவரி ஒட்ட ஆள் இல்லை என்று என்னைத்தான் கூப்பிட்டாய், ஞாபகம் இருக்கிறதா? நாற்பதையும் ஒட்டிவிட்டு, வரிசையாக நிற்கிற அழகைப் பார்த்துப் பெருமையில் போட்டோ எடுத்தேன். முகவரியும் போன் நம்பரும் தெளிவாக விழுந்திருக்கின்றன. ஒவ்வொரு கிளினிக்குக்கும் நானே போன் போட்டு, என் மகன் செய்த பெட்டியை நம்பாதீர்கள் என்று சொல்வேன். என் இந்தியைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுக் கேட்டுக்கொள்வார்கள்.

பெட்டி ஃப்ரிட்ஜ் மேல் பழைய இடத்தில்தான் இருக்கிறது. பச்சை இன்னும் கண் திறக்கவில்லை. அதுவரை அதைப் பார்க்காதே என்று உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். இன்று காலையும் ஊசியை எடுத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பாமல், அதைத்தான் அண்ணாந்து பார்த்தாள்.

இந்தத் தடவை நிஜமாகவே கை வைத்திருக்கும்,
உன் அப்பா